ஜோன்ஸ் போடாத பந்து

தாராவியில் சட்டை தைக்கும் கார்கானா ஒன்றில் இஸ்திரி போடுகிற நாகராஜுக்கு வாரத்தில் ஆறு நாள் பெயர் கிடையாது. "ஏ பிரஸ்வாலா" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆண்டாப் ஹில்லில் மாதா கோயில் மைதானத்துக்குள் கால் வைத்தால்தான் அவனுக்கு ஒரு பெயர் வரும். புடி நாகராஜ். கூடைப்பந்து ஆடுகிறவனுக்கு இது என்ன பெயர் என்று கேட்பீர்கள். அவன் பந்தைப் பிடிக்கிறவன் இல்லை, ஆளைப் பிடிக்கிறவன்.

விஷயம் இதுதான். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பின்தங்கி நிற்கிற அணிக்குக் கடிகாரம்தான் முதல் எதிரி. அதை நிறுத்த ஒரு வழி உண்டு. எதிராளியை வேண்டுமென்றே பிடித்து நிறுத்த வேண்டும். ஃபவுல் என்று விசில் ஊதுவார்கள், கடிகாரம் நிற்கும். பிடிபட்டவன் கோட்டில் தனியாக நின்று, தடுக்க யாருமில்லாமல், இரண்டு பந்து போடலாம். அவன் குறி தெரியாதவனாக இருந்துவிட்டால் பிடித்தவர்களுக்குக் கொண்டாட்டம். ஆகவே போடத் தெரியாதவனாகப் பார்த்துப் பிடிப்பார்கள். கேட்டால் தந்திரம் என்பார்கள். எனக்கென்னவோ வேறு பெயர்தான் வாயில் வருகிறது.

நாகராஜுக்கு ஓட்டம் வராது, பந்து போடவும் வராது. ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். வலிக்காது, நகரவும் முடியாது. மாட்டுங்காவிலிருந்து வந்து அவன் அணிக்குப் பயிற்சி கொடுக்கும் வேங்கடசுப்ரமணியன், ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், கடைசி நிமிஷங்களுக்கென்றே அவனை இறக்குவார். "புடிடா!" என்று அவர் கத்துவதும், மதில்மேல் உட்கார்ந்திருக்கும் பையன்கள் இந்தியில் அதையே "பகடோ, பகடோ" என்று கூவுவதும்தான் நாகராஜ் வாழ்க்கையில் கேட்ட கைதட்டல்.

அவன் அதிகம் பிடித்தது மாதா கோயில் அணியின் ஜோன்ஸை. பிளாஸ்டிக் கொடவுனில் மூட்டை தூக்குகிறவன், நல்ல உயரம். ஓடிவந்து எம்பினால் மறிக்க ஆள் கிடையாது. கோட்டில் நிற்கவைத்தால் மட்டும் கதை கந்தல். இடது குதிகாலால் தரையை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போடுவான், பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும். மைதானமே சிரிக்கும், ஜோன்ஸும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அவன் தங்கை ஜோஸ்பின் மட்டும் அந்தச் சிரிப்பை ஒருநாளும் நம்பியதில்லை.

இந்த வருஷம் ஜூன் தொடக்கத்தில் இறுதி ஆட்டம். நாகராஜின் அணி ஒரு பாயிண்ட் பின்னால், மிச்சம் இருந்தது நாலு விநாடி. "புடிடா!" என்றார் வேங்கடசுப்ரமணியன். நாகராஜ் ஜோன்ஸின் வலது மணிக்கட்டைப் பிடித்தான். முதல் பந்து வழக்கம்போலத் தெறித்தது. இரண்டாவதற்கு ஜோன்ஸ் குதிகாலைத் தட்டும்போது வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. எல்லோரும் கோயில் மண்டபத்துக்கு ஓடினார்கள். ஓடுகிற ஓட்டத்தில் ஜோன்ஸ் நனைந்த தன் கையை நாகராஜின் கைக்குள் மறுபடி திணித்தான்.

"புடிச்சே இருடே. மழ விட்டதும் வந்து போடுதேன்" என்றான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மழை அன்றைக்கு விடவே இல்லை. அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாதியில் நின்ற ஆட்டத்துக்குக் கோப்பை கொடுப்பதில்லை. மழைக்காலம் முடிந்ததும், நின்ற இடத்திலிருந்தே, அவரவர் தங்கள் இடத்தில் நின்று ஆடி முடிக்க வேண்டும். ஆகஸ்டில் சந்துகளில் முழங்கால் அளவுக்குத் தேங்கிய தண்ணீரில் மூட்டை சுமந்த ஜோன்ஸ் காய்ச்சலில் படுத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் ஒரு வாரம் தாங்கவில்லை.

அடக்கத்துக்கு நாகராஜ் போயிருந்தான். குழிக்குள் ஆளுக்கொரு பிடி மண் போடச் சொன்னார்கள். குனிந்து அள்ளினான். கையைக் குழிக்கு மேலே நீட்டினான். விரல்கள் திறக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் தோளைத் தொட்டு நகர்த்தும்வரை அப்படியே நின்றான். வீட்டுக்கு வந்து குழாயடியில் இடது கையால் விரல்களை நெம்பினான். கை கொஞ்சமாகத் திறந்தது. உள்ளே மண் இல்லை, ஒரு துகள்கூட இல்லை. தண்ணீர் தெளிவாக ஓடியது.

அன்றிலிருந்து அந்தக் கை முழுதாக விரிந்ததே இல்லை. இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கத் தடையில்லை, விடத்தான் பாடு. விடுவதற்குள் இரண்டு சட்டை கருகி, முதலாளி சேட்டிடம் பேச்சு வாங்கினான். அதைவிட மோசம், மூடிய உள்ளங்கைக்குள் எப்போதும் ஈரம். துடைத்தாலும் போகாது. பிடித்திருப்பது எலும்பும் தோலுமாக ஒரு மணிக்கட்டு என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. யாரிடம் சொல்வது? பயந்து செத்தான் பாவம்.

மழை ஓய்ந்து அக்டோபரில் இரண்டு அணிக்காரர்களும் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஜோஸ்பின் எழுந்தாள்.

"ஃபவுல்னா தப்பு பண்ணவனுக்குத்தான தண்டன? இங்க புடிபட்டவன நடுவுல நிறுத்தி வச்சு சிரிக்கீங்க. இனிமே வேணும்னே புடிச்சா, ரெண்டு பந்து போடட்டும், அதுக்கு மேல பந்தும் அவங்களுக்கே குடுங்க. அப்பம் எவன் புடிப்பான்னு பாக்குதேன்."

வேங்கடசுப்ரமணியன் கோபப்படவில்லை. "இதோ பாரும்மா, ஜோன்ஸ் நல்ல பையன், நேக்கும் துக்கம்தான். ஆனா ஃபவுலும் ஆட்டத்துல ஒரு பாகம். குறி தெரியலைன்னா பழகிக்கணும். அதுக்காக ரூலையே மாத்துவாளா?"

கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்தது. தூக்காமல் உட்கார்ந்திருந்தவன் நாகராஜ் ஒருவன்தான். அந்த விதி வந்தால் புடி நாகராஜுக்கு அணியில் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அவன் பிரஸ்வாலாதான். குனிந்த தலையை அவன் நிமிர்த்தவே இல்லை. சரி, அந்த நாலு விநாடி ஆட்டம் முடியட்டும், அப்புறம் அவன் சொல்லட்டும் என்று கலைந்தார்கள்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த நேரம். நல்ல வெயில், சிமென்ட் தரை காய்ந்து கிடந்தது. எல்லோரும் ஜூனில் நின்ற இடங்களில் நின்றார்கள். ஜோன்ஸுக்குப் பதிலாகப் பந்து போட வந்தவன் அதே கோயில் அணியின் ஆஷிக். கோட்டின் நடுவில் நிற்காமல் ஓரமாக ஒதுங்கி நின்றான்.

"நடுவுல வா" என்றார் நடுவர்.

"எடம் இல்ல சார்" என்றான் ஆஷிக். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் நகரவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

டக், டக். குதிகால் தட்டுகிற சத்தம். நாகராஜ் ஆஷிக்கின் கால்களைப் பார்த்தான். இரண்டும் அசையாமல் இருந்தன. மதில் பக்கம் ஜோஸ்பின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஆஷிக் போட்ட பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து, வேறெங்கும் போகாமல், நாகராஜின் கைக்கு வந்தது. கடிகாரம் ஓடத் தொடங்கியது. எதிர்க் கோடியில் அவன் அணியின் கணேசபாண்டியன் ஆளில்லாத வளையத்தை நோக்கி ஓடிக்கொண்டே கையைத் தூக்கினான். ஒரே வீச்சு போதும், கோப்பை அவர்களுக்குத்தான். "போடுடா! போடுடா!" என்று வேங்கடசுப்ரமணியன் துள்ளினார். நாகராஜ் பந்தோடு வலது கையை ஓங்கினான்.

அவன் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்.

ஈரமான கை. வலிக்கவில்லை, நகரவும் முடியவில்லை. அவனுடைய பிடியேதான் அது, அவனிடமே கற்றுக்கொண்டதுபோல. திமிறினான். விசிலுக்காக நடுவரைப் பார்த்தான். நடுவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் ஊதவில்லை. மதில்மேல் பையன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அத்தனை பேர் நடுவில் அவன் மட்டும் ஓங்கிய கையோடு நின்றான். சைரன் ஒலித்தது. பிடி விட்டது, பந்து கீழே விழுந்து உருண்டது.

"ஏண்டா, சிலையாட்டம் நின்னே?" என்று ஓடிவந்தார் வேங்கடசுப்ரமணியன்.

"புடிச்சிட்டாவ சார்."

"யாருடா புடிச்சா? உன் பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்லியே!"

நாகராஜ் கையை நீட்டிக் காட்டினான். மணிக்கட்டைச் சுற்றி நாலு விரல் தடம், நெடுநேரம் தண்ணீரில் ஊறிய தோல்போல வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவர் பார்த்தார். ஓரடி பின்னால் நகர்ந்தார்.

ஜோஸ்பின் மெல்லக் கிட்டே வந்தாள். "வலிச்சுதாண்ணே?" என்றாள்.

"வலிக்கலம்மா" என்றான் நாகராஜ். "ஆனா எல்லாரும் பாத்துகிட்டே நிக்காவ. சிரிக்காவ. நம்மால ஒண்ணும் செய்ய முடியல. ஒங்க அண்ணனுக்கு இவ்வளவு நாளும் இப்பிடித்தான் இருந்திருக்கு."

அப்படியே மண்டபத்துக்குள் போனார்கள். விதியை மாற்றச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் நாகராஜ் எழுந்தான். வேங்கடசுப்ரமணியன் அவன் சட்டையைப் பிடித்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "உன் இடம் போயிடும்டா."

"போட்டும் சார்" என்று நாகராஜ் வலது கையைத் தூக்கினான். ஆகஸ்டிலிருந்து மூடிக் கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவன் தலையிலும் தோளிலும் ஏதோ உதிர்ந்தது. ஜோஸ்பின் குனிந்து தரையைப் பார்த்தாள். கல்லறைத் தோட்டத்துச் செம்மண், ஒரு பிடி இருக்கும், இன்னும் ஈரம் காயாமல்.