நாற்பத்திரண்டு பெஞ்சுகள்

தாவரவியல் பூங்காவின் நாற்றங்காலில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் அவள். எந்நேரமும் கையில் ஒரு தொட்டி இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவள் தொட்டியக்கா. மற்றவர்கள் முளைக்காது என்று கைகழுவிய விதைகூட அவளிடம் முளைத்துவிடும். மனிதர்களோடு பேசுவதுதான் ஆகாது. பார்க்க வருகிறவர்கள் வழி கேட்டால் விரலை மட்டும் நீட்டிவிட்டுக் குனிந்துகொள்வாள்.

அப்படிப்பட்டவள் முப்பத்தாறாவது வயதில் முதுநிலைப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டாள். பொதுத் தோட்டங்களையும் பூங்காக்களையும் நாளைக்கு நடத்தப் போகிறவர்களுக்காகப் பல்கலைக்கழகமும் பூங்காவும் சேர்ந்து நடத்தும் இரண்டு வருடப் படிப்பு அது. வருடத்துக்கு ஐந்து பேருக்குத்தான் இடம். அவளுக்கு அதில் பெரிய இலட்சியம் ஒன்றும் இருக்கவில்லை. நாற்றங்காலின் கண்ணாடிக் கூடத்தை இடித்துவிட்டு அங்கே சிற்றுண்டிக் கடை கட்டலாம் என்று ஒரு கூட்டத்தில் முடிவாகியிருந்தது. அந்தக் கூட்டத்தில் செடி வளர்க்கிறவர் ஒருவர்கூட இல்லை. அதைக் கேள்விப்பட்ட பிறகுதான், அப்படிப்பட்ட கூட்டங்களில் தானும் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

கணவர் பஸ் ஓட்டுநர். "போட்டுத்தான் பாரேன். கிடைக்கலன்னா தொட்டி எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார்.

நேர்காணலில் செடியைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

"உங்க கீழ வேலை பாக்கறவர் தினமும் அரை மணி நேரம் லேட்டா வர்றார். என்ன செய்வீங்க?"

"ஏன்னு கேப்பேன்."

"கேட்டும் சொல்லலன்னா?"

"தெரியலைங்க" என்றாள்.

ஊற்றிக்கொண்டது என்று நினைத்து வீடு திரும்பினாள். பத்து நாளில், ஐந்தாவது ஆளாகத் தேர்வாகியிருப்பதாகக் கடிதம் வந்தது.

முதல் வருடம் அவளை நன்றாகவே வாட்டியது. நிதி நிர்வாகம், தொழிலாளர் சட்டம், நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதுவது, மேடையில் பேசுவது என்று ஒவ்வொன்றும் புதிது. மற்ற நால்வரும் அவளைவிடப் பத்து வயது சிறியவர்கள்; வாயைத் திறந்தால் சரளமாகக் கொட்டுவார்கள். அவள் பேசினால் இரண்டாவது வரிசையைத் தாண்டாது. எட்டு வயது மகள் கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரே உட்கார, சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் பேசிப் பழகினாள். "அம்மா, நீ முடிக்கும்போது வாய்க்குள்ளயே முழுங்கிடற" என்று மகள் சொல்லுவாள். அது உண்மைதான். அந்த வருடமே கண்ணாடிக் கூடமும் இடிபட்டது. இடித்த அன்று அவளுக்குச் சட்டப் பரீட்சை.

இரண்டாம் வருடத்தில் ஆளுக்கொரு திட்டப்பணி. அபூர்வ ஆர்க்கிட் விதைகளைச் சேமிப்பது பற்றிச் செய்ய வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். பூங்கா இயக்குநர் கறாரான பெண்மணி. குளத்தங்கரைப் பெஞ்சுகளின் பட்டியலை எடுத்து அவள் முன் வைத்தார். பெரிய மரங்களுக்கு அடியில் நாற்பத்திரண்டு பெஞ்சுகள். வந்து உட்காருகிறவர்கள் மிதித்து மிதித்து வேருக்கு மேலிருக்கும் மண் கல்லாக இறுகி, மரங்களின் உச்சிக் கிளைகள் காயத் தொடங்கியிருந்தன. பெஞ்சுகளைத் தள்ளிப் போட்டாக வேண்டும். ஆனால் ஒவ்வொன்றிலும் இறந்துபோன ஒருவரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருந்தது. குடும்பங்கள் நினைவாகக் கொடுத்தவை.

"மேடம், ஆர்க்கிட்..."

"அது உங்களுக்குத் தெரிஞ்ச வேலை. தெரியாததுக்குத்தானே இங்க வந்திருக்கீங்க."

அவள் தெரிந்த வழியிலேயே ஆரம்பித்தாள். மண்ணைச் சோதித்தாள். வரைபடம் போட்டாள். 'மரங்களின் நலன் கருதி இப்பெஞ்சு இடமாற்றம் செய்யப்படும்' என்று ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு தாளை ஒட்டினாள். மறுநாளிலிருந்து அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. ஓய்வுபெற்ற தையற்காரர் ஒருவர், பூங்கா திறந்ததிலிருந்து மூடும்வரை மனைவியின் பெயர் போட்ட பெஞ்சில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்துகொண்டார். கழற்றப் போன ஆட்கள் திரும்பி வந்து, "நீங்களே வந்து பேசுங்கக்கா" என்றார்கள்.

அவள் போனாள். இறுகிய மண்ணைப் பற்றியும் வேருக்குக் காற்று கிடைக்காமல் போவது பற்றியும் தாளில் படம் வரைந்து காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மரத்தைப் பத்தி எல்லாம் சரியாத்தான் சொல்றே. இந்தப் பெஞ்சு எங்க போகும்?"

எடுப்பதை மட்டும்தான் திட்டத்தில் எழுதியிருந்தாள். எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்கவே இல்லை.

"இன்னும் முடிவு பண்ணலைங்கய்யா" என்றாள்.

"அப்ப முடிவு பண்ணிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

நேராக இயக்குநரிடம் போனாள். "தப்பா ஆரம்பிச்சுட்டேன் மேடம். வேலைய நிறுத்தணும். ரெண்டு மாசம் வேணும்."

"இந்த மாசம் முடியும்னு நிர்வாகக் குழுகிட்ட நான் சொல்லியாச்சு. முடியாதுன்னு நீங்களே வந்து சொல்லுங்க."

சொன்னாள். பன்னிரண்டு நிமிடம் நின்று பேசினாள். யாரும் பாராட்டவில்லை. ஒருவர் எரிச்சலோடு பேனாவை மூடினார். ஆனாலும் இரண்டு மாதம் கொடுத்தார்கள்.

பிறகு ஒவ்வொரு குடும்பமாகத் தொலைபேசியில் அழைத்தாள். முதல் அழைப்பில் எதிர்முனையில் 'ஹலோ' என்றதும் வைத்துவிட்டாள். மூன்றாவதில்தான் பேச்சு வந்தது. சிலர் திட்டினார்கள். ஒரு மகன், "அப்பாவுக்குப் பூங்கான்னாலே ஆகாதுங்க. இது எங்க பெரியப்பா பண்ணின வேலை. எங்க வேணா போட்டுக்கோங்க" என்றார். பேச்சுவார்த்தை இல்லாத அக்கா தங்கை இருவர் அம்மாவின் பெஞ்சுக்கு ஆளுக்கொரு இடம் கேட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் போட்டதில் இருவருக்குமே திருப்தியில்லை. ஒன்பது குடும்பங்களைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் நேரில் வந்தார்கள். அவர்களோடு பூங்காவைச் சுற்றி நடந்து, இடம் பார்த்து, முளைக்குச்சி அடித்தாள்.

தையற்காரரும் நான்கு தடவை நடந்தார். ஒரு இடத்தில் வெயில், ஒரு இடத்தில் சாக்கடை நாற்றம், இன்னொரு இடத்தில் பிள்ளைகளின் சத்தம். கடைசியில் அவள் சொல்லிவிட்டாள்.

"ஐயா, இதுக்கு மேல காட்ட எங்கிட்ட இடமில்லை. செவ்வாய்க்கிழமை எடுத்துடுவோம். உங்களுக்குக் கஷ்டம்னு தெரியும்."

"தெரிஞ்சுமா எடுப்பே?"

"ஆமாங்கய்யா."

அவர் குளத்தைக் கை காட்டினார். "தண்ணி தெரியற மாதிரி போடு. முதுகைக் காட்டற மாதிரி போட்டுடாதே" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. அந்தப் பெஞ்சின் திருகுகளை அவளே கழற்றினாள். கரையிலிருந்து நாற்பது அடி தள்ளி, தண்ணீரைப் பார்த்த மாதிரி நிறுத்தினாள். அதற்குப் பிறகு அவர் வந்தாரா என்பது அவளுக்குத் தெரியாது. அன்று மாலை வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள்.

ஆய்வறிக்கையில், முதலில் ஒட்டிய அறிவிப்புதான் தன் பெரிய தவறு என்று இரண்டு பக்கம் எழுதினாள். அறிக்கையைத் திருத்தியவர் அந்த இடத்தில் கோடு போட்டு 'உண்மை' என்று மட்டும் எழுதியிருந்தார். சுமாரான மதிப்பெண்ணோடு தேறினாள்.

வேலைக்கு மூன்று இடத்தில் விண்ணப்பித்தாள். இரண்டு பெரிய தோட்டங்கள் கடிதத்திலேயே மறுத்துவிட்டன. இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்த ஒரு சிறிய நகரப் பூங்கா அவளைப் பொறுப்பாளராக எடுத்துக்கொண்டது. "வண்டி ஓட்டறதுக்கு எந்த ரோடா இருந்தா என்ன" என்று கணவரும் அந்தப் பக்கத்துப் பணிமனைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். பள்ளி மாறியதில் மகளுக்குத்தான் ஒரு மாதம் கோபம்.

இப்போது அங்கே மூன்றாவது வருடம். பதினான்கு தொழிலாளர்கள். வேலை நேரத்தை மாற்றியதில் மனத்தாங்கலாகி இரண்டு பேர் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வாரத்தில் ஒரு நாள் காலையில் அந்த இருவரோடு சேர்ந்து களை எடுக்கப் போகிறாள். பேசச் சொல்லி வற்புறுத்துவதில்லை. போன வாரம் அவர்களில் ஒருவர் அலுவலக வாசலில் வந்து நின்று, மேற்குப் பக்கக் குழாய் இரண்டு நாளாய் ஒழுகுகிறது என்றார். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு அவரோடு பார்க்கப் போனாள்.