மக்காச்சோளக் காட்டுக்கு மேலே ஒரு கார்

போன வாரம் என் மகன் கைபேசியில் ஒரு காணொளி காட்டினான். ஏதோ வெளிநாட்டில் ஒரு கார் நான்கு விசிறிகளோடு மேலே எழும்புகிறது. அடுத்த வருஷம் விற்பனைக்கு வருமாம். அவன் வயதில் நானும் இதையே கேட்டிருக்கிறேன். அந்த அடுத்த வருஷம் இன்னும் சிவகாசிப் பக்கம் வரவில்லை. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "உள்ள ஆளு இருக்காகளா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அக்கா புருஷனை நான் மச்சான் என்பேன். அந்தக் காலத்தில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு வெடிமருந்து கலக்கும் வேலை. எனக்கு அங்கேயே லேபிள் ஒட்டும் வேலை. நாலு பேரிடம் பேசக் கூச்சப்படுகிறவனுக்குப் பசையும் காகிதமும் நல்ல கூட்டாளிகள். எத்தனை சோப்புப் போட்டாலும் மச்சான் தலைமுடியில் கந்தக வாடை நிற்கும். சோறு போடும்போதெல்லாம் அக்கா அந்த வாடையோடு சண்டை பிடிப்பாள். அவர் மருந்து ரூமை விட்டு வெளியே வந்தால் போதும் என்பதுதான் அவளுடைய ஒரே பேச்சு.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். சரக்குக்கு முன்னால் லேபிள் வந்துவிடும். ஒரு தீபாவளி சீசனில் அப்படி வந்தது 'பறக்கும் கார்'. மேகத்துக்கு மேலே சிவப்புக் கார், உள்ளே ஒரு குடும்பம் கையசைக்கிறது. படத்தைப் பார்த்தே ஆர்டர் குவிந்தது. பெட்டிக்குள் வைக்கத்தான் ஒன்றும் இல்லை. அட்டைக் காரைப் பறக்க வைக்கிறவனை போர்மேன் ஆக்குகிறேன் என்றார் முதலாளி. போர்மேன் மருந்தைத் தொட வேண்டியதில்லை.

மச்சான் செய்த கார்கள் எல்லாம் குப்புற விழுந்து புகைந்தன. வாய் திறக்காத நான்கூடக் கேலி செய்தேன்.

"ஏலே மாப்ள, வெளாட்டா இருக்கா? மொதல்ல ஒன்னயத்தான் உள்ள உக்கார வச்சு அனுப்பப் போறேன்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கம்பெனிக்குப் பின்னால் மழையில் நனைந்து நின்ற மக்காச்சோளக் காட்டு ஓரம். அவர், அக்கா, நான். கார் சீறியது, நிமிர்ந்தது, பனை உயரத்துக்கு நேராகப் போனது. அப்புறம் சோளத்துக்கு மேலே சாய்ந்து மறைந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இருட்டும்வரை தட்டைகளை விலக்கி விலக்கித் தேடினோம். கிடைக்கவில்லை.

காரைக் காட்டாமல் பறந்தது என்றால் முதலாளி நம்புவாரா? மறுநாள் மத்தியானம் வருவதாகவும் கண்ணால் பார்க்கணும் என்றும் சொல்லிவிட்டார். மருந்தை விடிகாலைக் குளிர்ச்சியில்தான் கலப்பார்கள். வெயில் ஏறினால் பற்றிக்கொள்ளும் என்று தொடமாட்டார்கள். அந்தத் திங்கள் விடிகாலை முழுக்க வேறு லோடுக்குக் கலக்க வேண்டியிருந்தது. அதை முடித்துவிட்டு மச்சான் காருக்கான மருந்தோடு வெயிலில் உட்கார்ந்தார்.

"இது ஒண்ணுதான் மாப்ள. நாளையிலேருந்து தொட மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. எங்கன, எந்தக் கம்பெனியில் என்றுதான் கேட்பார்கள். அன்று லேபிள் ரூமில் யாரும் எங்கன என்று கேட்கவில்லை, மச்சான் இருந்த பக்கம் ஓடினோம்.

மிச்ச லேபிளைத் தரைச்சக்கரப் பெட்டிகளில் ஒட்டி விற்றார்கள். கம்பெனி பெயர் மாறியது, பிறகு மூடியும் போனது. சோள அறுப்பின்போது அக்கா தினமும் அந்தக் காட்டுக்குக் கூலிக்குப் போனாள். கூலிக்காகப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். தட்டைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து பார்ப்பாள். மறுவருஷமும் போனாள். இப்போது அங்கே பிளாட் போட்டு மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள். தேடுவதற்கு அந்தக் காடும் இல்லை.