வாசலுக்கு வேறு, உள்ளறைக்கு வேறு

பேங்க் பேரில் வந்த பொய் மெயிலை நம்பி ஏமாற இருந்தேன். அந்தப் பயத்தில் கம்ப்யூட்டரில் பிரவுசரை இறுக்கிப் பூட்டினேன். ஸ்கிரிப்ட் ஓடக் கூடாது, குக்கீ தங்கக் கூடாது, கேமராவும் மைக்கும் யாருக்கும் கிடையாது. அந்த ஞாயிறு, வெளிநாட்டில் இருக்கும் மகள் வழக்கம்போல் முகம் பார்த்துப் பேச லிங்க் அனுப்பினாள். அழுத்தினால் வெள்ளைப் பக்கம்தான் வந்தது. என்னிடம் இருப்பதோ பட்டன் போன்.

அதில் கூப்பிட்டாள். பிரவுசரைப் பூட்டியதைச் சொன்னேன். "இன்னாப்பா இது, எனக்கு மட்டும் தெறந்து வுடேன்."

"ஒருத்தருக்குத் தெறந்தா எல்லாருக்கும் தெறந்தா மாதிரி" என்றேன்.

மூன்று ஞாயிறு இப்படியே போனது. நான்காவது ஞாயிறு லிங்க் வரவில்லை. மனைவி போன பிறகு இந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது மகள் முகம் ஒன்றுதான். அதையும் வெளியே நிறுத்திவிட்டேன்.

அப்போது நைனா, அதாவது என் அப்பா, நினைவுக்கு வந்தார். எழுபதுகளின் கடைசி, பழவேற்காட்டில் இதே வீடு. வாசலில் காயப்போட்ட புது நைலான் வலை காணாமல் போனதும் நைனா வேலிப் படலுக்கே பூட்டு போட்டார். ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் கரையேறினால் எங்கள் வீட்டில்தான் தண்ணீர் குடித்து, அம்மாவோடு கதையடித்துவிட்டுப் போவார்கள். பூட்டைப் பார்த்ததும் வருவதை நிறுத்தினார்கள். அம்மா கழுவுகிற நண்டோடு பேச ஆரம்பித்தாள்.

ஒருநாள் நைனாவிடம் சொன்னாள்: "வலைய உள்ரூம்ல போட்டுப் பூட்டுய்யா. வாசல்ல இன்னா கீது, ரெண்டு குடமும் நானும்தானே?"

நைனா பூட்டை உள்ளறைக்கு மாற்றினார். அப்படியும் யாரும் வரவில்லை. பூட்டு போனது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் நாள் அம்மா ஏரிக்கரைக்கே போய், "படல் தெறந்துதான் கீது, வாங்கடி" என்று கூப்பிட்டாள். அன்றே வந்தார்கள்.

நானும் அப்படியே செய்தேன். பூட்டிய பிரவுசர் பேங்க்குக்கு மட்டும். இன்னொரு பிரவுசரை இறக்கி, கேமரா, மைக் எல்லாம் அனுமதித்து, மகளுக்கென்று விட்டேன். அதில் பாஸ்வேர்டு ஒன்றும் சேமித்து வைக்கவில்லை. எவன் நுழைந்தாலும் எடுத்துப்போக எதுவுமில்லை.

ஞாயிறுதோறும் அதைத் திறந்து கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்கிறேன். என் முகம் மட்டும் தெரிகிறது. தனிமை தாங்கவில்லை. வழி திறந்திருக்கிறது என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மா ஏரிக்கரை வரை நடந்தாள். எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் போன் இருக்கிறது, எடுக்க வீம்பு விடவில்லை.