கழுவாத விரல்

ஜூஸ் கடைக்காரிக்குக் கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு போயிருக்க வேண்டும். திராட்சை பிழிந்த கையோடு விரலைக் குத்திச் சர்க்கரை மெஷினில் பார்த்தாள். முந்நூறு! பால் கொடுக்க எடுத்த பிள்ளையை மாமியார் வெடுக்கென்று பிடுங்கினாள்.

“சக்கரைப் பாலக் குடுத்து அதையும் நோயாளியாக்காதடி!”

பிள்ளை வீறிட்டது. தாயின் ரவிக்கை நனைந்தது.

ஜூஸுக்குக் காத்திருந்த நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. “முதல்ல கையக் கழுவும்மா! பால்ல சக்கரை நோய் ஒட்டாது. குடுத்தா, உனக்கு அது திரும்ப வர்ற ஆபத்தும் குறையும்.”

கழுவிவிட்டுக் குத்தினாள். நூற்றுப்பத்து.

“மெஷின் புளுகுது. எனக்குப் பாரு!” மாமியார் கையைக் கழுவிவிட்டு விரலை நீட்டினாள். முந்நூற்று இருபது. மறுபடியும் தேய்த்துக் கழுவினாள். இறங்கவில்லை.

“பிள்ள பசியில அழுவுது, வாங்கிக்கோ.” மாமியாரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.