எக்ஸ்ரேக்காரரின் லென்ஸ்

லென்ஸைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக மூச்சைப் பிடித்துக்கொள்வார் எக்ஸ்ரேக்காரர். அதைத் தன் பழைய கேமராவில் திருகி மாட்டி, கேமராக் கடை வாசலில் நின்று, எதிர்க் கட்டடத்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருக்கும் எழுத்தைக் குறிபார்ப்பார். முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். "சார், மூச்ச விடுங்க. மயங்கி விழுந்தா லென்ஸும் போயிடும், நீங்களும் போயிடுவீங்க" என்பாள் கடைக்காரப் பெண். எதை முதலில் சொன்னாள் என்பதை அவர் கவனிப்பதில்லை.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முப்பத்தொரு வருடமாக ஆஸ்பத்திரியின் அடித்தள அறையில், "மூச்ச நல்லா இழுங்க... பிடிங்க... அசையாதீங்க... ம், விடலாம்" என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறவர். நோயாளியோடு சேர்ந்து இவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார், அது பழகிப்போயிற்று. யாராவது இருமிப் படம் கலங்கிவிட்டால், "ஆடிடுச்சு. இன்னொண்ணு எடுக்கணும்" என்று உச்சுக்கொட்டுவார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'அசையாதீங்க' என்றே பெயர். மூன்று வருடமாக அவர் கையே நடுங்குகிறது. வேலைக்கு அதனால் பாதகமில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பொத்தானை அழுத்துகிறவர் ஆடினால் யாருக்கு என்ன?

வீட்டிலோ எதுவும் அசைவதில்லை. மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. காலையில் மேசைமேல் வைத்துவிட்டுப் போன டம்ளர், மாலையில் வந்து விளக்கைப் போட்டால் அதே இடத்தில் இருக்கும். அந்த டம்ளரைப் பார்க்கத்தான் அவருக்குப் பிடிப்பதில்லை. அதனாலேயே பஸ்ஸுக்குப் பதிலாக நடந்து வீடு திரும்புகிறார்.

ஒரே மகன் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஒப்பந்தம் முடிந்ததும் வருவான் என்று அவனுடைய படுக்கைக்கு உறையெல்லாம் மாற்றி வைத்திருந்தார். அவன் வரவில்லை. அதே கப்பலில் இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வீட்ல என்னப்பா இருக்கு?" என்றான். நான் இருக்கேனேடா என்று சொல்ல வாயெடுப்பதற்குள் லைன் போய்விட்டது. வீடியோவில் பேசலாம் என்றால் கடலிலிருந்து அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்துதான் வந்து சேரும். கப்பல் இந்த ஊர்த் துறைமுகத்துக்குள் வருவதுமில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அலைதடுப்புச் சுவரின் முனையை ஒட்டினாற்போல் கடந்து போகும், அவ்வளவுதான். போன தடவை கேமராவோடு வந்த குட்டை லென்ஸை எடுத்துக்கொண்டு ஓடினார். கப்பல் தீப்பெட்டி அளவுக்கு விழுந்தது. மகன் விழவே இல்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் இந்தக் கடை. மூன்று லென்ஸ்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். மலிவானது எட்ட இருப்பதைக் கிட்டக் கொண்டுவந்தது, ஆனால் தண்ணீர்த் தொட்டி அதற்குள் குடித்தவன்போல் தள்ளாடியது. பெரியதன் விலையைக் கேட்டால் நல்ல கையும் நடுங்கும். மூன்றாவது ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்து விற்றது; பிளாஸ்டிக் உடம்பு, திருகும் வளையத்தில் ரப்பர் வெளுத்திருந்தது. பொத்தானைப் பாதி அழுத்தியதும் உள்ளே மெல்ல ஒரு உறுமல். ஆடிக்கொண்டிருந்த தொட்டி அப்படியே நின்றது. அவர் விரலை எடுத்தார், மறுபடி அழுத்தினார். பத்துத் தடவையாவது இருக்கும்.

"விரலுக்குத் தகுந்த வீக்கம் சார், உங்களுக்கு இது போதும்" என்றாள் அவள். "ஆனா ஒண்ணு. இது உங்க கை ஆட்டத்தத்தான் நிறுத்தும். எதிர்ல இருக்கறவங்க ஆடினா இது ஒண்ணும் பண்ணாது."

அந்தக் கவலை தனக்கெதற்கு என்பதுபோல் சிரித்தார். எதிரில் இருப்பவரை ஆடாமல் நிறுத்துவதுதானே அவர் தொழில்! அன்றே லென்ஸை வாங்கிக்கொண்டுபோய் மகனை அழைத்தார். "ஞாயித்துக்கிழம முனைய தாண்டறப்ப டெக்குல கம்பிய புடிச்சிட்டு நில்லு. கையக் கிய்ய ஆட்டாத. அசையாம நிக்கணும், தெரியுதா?" மறுமுனையில் மகன், "சரிப்பா" என்றான்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்கு வந்தார். முந்தின நாள் எடுத்த நாற்பத்தொரு படங்கள். கடைக்காரப் பெண் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கப்பலின் துரு தெரிந்தது, கம்பிகளை எண்ண முடிந்தது. அந்தக் கம்பியைப் பிடித்தபடி நான்கு பேர். நால்வருக்கும் ஒரே ஆரஞ்சு உடுப்பு, ஒரே வெள்ளை ஹெல்மெட், குண்டூசித் தலையளவு முகம். ஒருவரும் அசையவில்லை.

"பிரமாதம் சார்! இதுல உங்க பையன் யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். திரைக்கு மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்தார். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியவில்லை என்று யாரிடம் சொல்வது?

"கையாவது ஆட்டச் சொல்லியிருக்கலாமே சார்."

"நான்தாம்மா ஆட்டாதன்னு சொன்னேன்."

அவள் மிச்சப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிப் படத்தில் கப்பல் பாதி திரும்பியிருந்தது. கம்பியோரம் மூன்று பேர் முன்போலவே நின்றார்கள். மூன்றாவது ஆளுக்கும் நான்காவது ஆளுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. அந்த நான்காவது ஆளுக்கு வலது கையே இல்லை. ஹெல்மெட்டுக்கு மேலே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல் மட்டும் இருந்தது.

"அடடா, இது ஆடிடுச்சு சார். அழிச்சிடவா?"

"ஐயோ, வேணாம்மா!" குரல் அவருக்கே அந்நியமாக வந்தது. "அதத்தான் பிரிண்ட் போடணும். இருக்கறதுலயே பெருசா."

இயந்திரத்திலிருந்து படம் சூடாக வந்தது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணாடி மேசைமேல் விரித்தார். நேற்று முனையில் நின்றபோது அவருடைய இரண்டு கைகளும் லென்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தன. இப்போது பிடிக்க ஒன்றுமில்லை. அவர் மூச்சை விட்டார். வலது கையை மெதுவாகத் தலைக்குமேல் தூக்கி, படத்தைப் பார்த்து ஆட்டினார். அது நடுங்கியதை நிறுத்தப் பார்க்கவில்லை.