ஒரு அகலம் தாண்டி

வெல்டா ஓவர்பெக் மேல் எனக்கு ரொம்ப வருஷமாக ஒரு கோபம் இருந்தது. அந்தம்மா என் புல்லை வெட்டிவிடுவார்.

சிரிப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா வெட்டித் தந்தால் யாருக்கு நோகும் என்பீர்கள். இங்கே தெற்கு இண்டியானாவில், ரோட்டை ஒட்டி வீடு வைத்திருப்பவனுக்கு நோகும். அவர் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் நடுவே வேலி கிடையாது. முன்னால் என் தபால் பெட்டி, பின்னால் ஒரு பெர்சிமன் மரம், இரண்டுக்கும் நடுவே மனசுக்குள் ஒரு கோடு. அவரவர் கோட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தம்மா நிறுத்த மாட்டார். புல் வெட்டுகிற வண்டியில் உட்கார்ந்து, அது ஒரு தடவை போகிற அகலத்துக்கு என் பக்கம் ஏறி வெட்டிவிட்டுத்தான் திரும்புவார். அவர் ஒட்ட வெட்டுகிறவர். நானோ ஜல்லி லாரி ஓட்டுகிறவன், வாரக்கடைசி வரை புல் பக்கம் போக நேரமிருக்காது. ரோட்டில் போகிறவன் கண்ணுக்கு அந்தப் பக்கம் கம்பளம், இந்தப் பக்கம் காடு, நடுவே 'டாரல் எத்தனை சோம்பேறி பார்' என்று காட்டுவது போல ஒரு பட்டை. ஒரு வருஷம் கோட்டில் குச்சி அடித்து வைத்தேன். குச்சியைச் சுற்றி அழகாக வெட்டிவிட்டுப் போனார். நான் ஏன் என்று கேட்கவில்லை. இங்கே யாரும் இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்பதில்லை. எதிரே வண்டியில் பார்த்தால் கையைத் தூக்குவோம், முடிந்தது.

வெல்டா பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். இந்த ஊரில் என் வயசுக்காரர்கள் பாதிப் பேர் அவர் பஸ்ஸில் போனவர்கள்தான். நான் பாதியில் நின்றவன், ஆனாலும் போன வரைக்கும் அந்த பஸ்தான். ரயில் பாதை வந்தால் நிறுத்துவார், கதவைத் திறப்பார், சத்தம் கூடாதென்று கையைத் தூக்குவார். பின் சீட்டு வரை மூச்சு நிற்கும். ரயில் சத்தம் இல்லை என்று காதால் கேட்டபிறகுதான் பஸ் நகரும். அந்தப் பாதையில் ரயில் ஓடுவதே நின்றுபோனது. அப்புறமும் நிறுத்தினார். எந்தப் பிள்ளை கேட்டாலும், தண்டவாளத்தை எடுத்தால் சொல்லு, அப்போது நிறுத்தாமல் போகிறேன் என்பார்.

புருஷன் ஆர்வல் போய்ச் சேர்ந்தபின் அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தார். போன குளிர்காலத்தில் சர்க்கரை வியாதி அவர் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு வீடு திரும்பினார். மகள் ஜனெல் இண்டியானாபொலிஸில் இருக்கிறாள். வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய புல்தரையை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய், வீட்டை விற்றுவிட்டு என் பக்கத்தில் ஒரு அபார்ட்மெண்டுக்கு வந்துவிடு என்றாள். ஆள் வைத்து வெட்டுவதற்குத் தாய் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். மே மாசக் கடைசியில், போரில் இறந்த சிப்பாய்களுக்கான நினைவு நாள் விடுமுறைக்கு மகள் வருவாள். அன்று தாய் தன் கையாலேயே புல்லை வெட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் வீட்டில் இருக்கலாம். இல்லாவிட்டால் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை.

பழைய வண்டி இதற்கு ஆகாது. அதற்கு இடது காலால் பிரேக்கை மிதிக்க வேண்டும். அதனால் புது வண்டி பார்க்க என் லாரியில் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். கோபம் இருந்தாலும் கால் இல்லாதவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரும்போது கையில் ஒரு துடைப்பக் கட்டை கொண்டுவந்தார், நுனியை அறுத்தது. ஊன்றி நடக்கத்தான் என்று நினைத்தேன். இல்லை.

"பின்முற்றத்து கேட்டோட அகலம்டா இது," என்றார். "ஆர்வல் பண்ணின கூத்து ஞாபகம் இல்லையா?"

இருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரன் வைத்திருக்கிறான் என்று ஆர்வல் ஒருமுறை ஆகப் பெரிய வண்டியாக வாங்கி வந்தார். வீட்டுக்குப் பின்னால் முற்றத்தைச் சுற்றி மட்டும் வேலி உண்டு, அதன் கேட்டுக்குள் அது நுழையவில்லை. வேலிக் கம்பத்தைப் பிடுங்கி நுழைத்தார். வாராவாரம் பிடுங்குவதும் நடுவதுமாக ஒரு கோடை போனது. வண்டியைத் திருப்பிக் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை. இந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் இதே தப்பைச் செய்தவர்கள். நானும் ஒருத்தன், அதனால் சிரிக்கவில்லை.

கடையில் டிரென்ட் என்று ஒரு பையன் விற்பனைக்கு நின்றான். கப் வைக்க இடம், மெத்தை சீட்டு என்று இருப்பதிலேயே பெரிய வண்டியைக் காட்டினான். காட்டினது என்னிடம். எவ்வளவு நிலம், எத்தனை மரம் என்று கேட்டதும் என்னிடம்.

வெல்டா கட்டையால் வண்டியின் இரும்பில் ரெண்டு தட்டுத் தட்டினார். "தம்பி, வாங்கறது நான். இவன் எனக்கு டிரைவர், அதுவும் சுமாரான டிரைவர்."

பிறகு கட்டையை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போனார். வண்டிக்கடியில் கத்தி சுற்றுகிற தட்டுக்குக் குறுக்கே வைத்துப் பார்ப்பார். கட்டையைத் தாண்டினால் அடுத்த வண்டி. கடைசியில் இரண்டு தேறின. ஒன்று ஸ்டியரிங் வைத்த, டிராக்டர் மாதிரி வண்டி. இன்னொன்றில் ஸ்டியரிங்கே கிடையாது. மடிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு லீவர். கையாலேயே ஓட்டலாம், நிறுத்தலாம், நின்ற இடத்திலேயே சுற்றலாம்.

முதலில் டிராக்டர் மாதிரி வண்டியில்தான் ஏறினார், பழகினதாச்சே. செயற்கைக் கால் பிரேக்கிலிருந்து வழுக்கியது. வழுக்கினதே அவருக்குத் தெரியவில்லை, நான்தான் சொன்னேன். மறுபடி வைத்தார். மறுபடியும் வழுக்கியது. முகம் சிவந்து இறங்கினார்.

லீவர் வண்டியில் ஏறினதும் அது நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடி, அடுக்கி வைத்திருந்த உர மூட்டையில் முட்டியது. டிரென்ட் ஓடி வந்தான். விலகு என்று கையைக் காட்டினார். நாலு சுற்றுக்குள் அந்த ஜல்லித் தரையில் ரெண்டு லாரிக்கு நடுவே பின்னால் எடுத்து நிறுத்தினார். பள்ளிக்கூட பஸ்ஸைப் பின்னால் எடுத்த கை அது.

டிரென்ட் இப்போது அவரிடமே கேட்டான், வீட்டில் சரிவு ஏதும் உண்டா என்று.

"இல்ல," என்றார்.

"மிஸ் வெல்டா," என்றேன். "குளக்கரை இருக்குங்களே."

என்னைப் பார்த்த பார்வையில் புல் கருகியிருக்கும். ஆனால் சொல்லாமல் விட முடியுமா. வீட்டுக்குக் கிழக்கே நிலம் சட்டென்று இறங்கிக் குளத்தில் முடிகிறது. இந்த லீவர் வண்டிக்கு முன்சக்கரம் பிடிமானம் இல்லாதது, அது பாட்டுக்குச் சுற்றும். சரிவில் வழுக்கினால் நிறுத்த வழியில்லை, ஆளோடு தண்ணீருக்குள் போகும். டிரென்டும் அதையே சொன்னான். ஓட்ட முடிகிற வண்டி சரிவில் ஆகாது, சரிவில் ஆகிற வண்டியை ஓட்ட முடியாது. திரும்பி வரும் வழியில் ஊருக்குள் நிறுத்தி, பன்னுக்கு வெளியே நாலு பக்கமும் தொங்குகிற பன்றிக்கறி வறுவல் வாங்கிக் கொடுத்தேன். அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தே வந்தார்.

மறுநாள் காலை வெல்டாவின் போன். கடையில் லீவர் வண்டியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டாராம். நான் வரும்போது வெள்ளை முளைக்குச்சி ஒரு கட்டு வாங்கி வர வேண்டுமாம். எதற்கு என்று கேட்டதற்கு, நீ குச்சி அடிக்கிறதில் கெட்டிக்காரன் என்று கேள்விப்பட்டேன் என்றார். எனக்குக் காது சுட்டது. அவர் கைகாட்டிய இடத்தில், சரிவு தொடங்குவதற்கு நல்ல தூரம் முன்னாலேயே, கரை நெடுகக் குச்சிகளை அடித்தேன்.

நினைவு நாள் விடுமுறைக்கு ஜனெல் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு படியில் நின்றாள். நான் என் பக்கம் ஏதோ வேலை இருப்பது போல நின்றேன். வெல்டா முன்பக்கத்தை வெட்டினார். கேட்டுக்குள் ரெண்டு பக்கமும் விரல் இடைவெளி விட்டு நுழைந்து பின்முற்றத்தை வெட்டினார். பிறகு கிழக்கே திரும்பினார். ஜனெல் படியிறங்கி ஓட ஆரம்பித்தாள்.

குச்சிக்கு முன்னால் வண்டி நின்றது. கத்தியை நிறுத்தினார். வலது கையைத் தூக்கினார். ஒரு கணம் அப்படியே உட்கார்ந்து குளத்துப் பக்கம் காது கொடுத்தார். பிறகு அப்படியே சுற்றித் திரும்பினார். அடுத்த வரிசை வந்தது. மறுபடி நின்றார், கையைத் தூக்கினார். ஒவ்வொரு வரிசைக்கும் அதே. ஓடி வந்த ஜனெல் பாதியில் நின்றுவிட்டாள். அவளும் அந்த பஸ்ஸில் போன பிள்ளைதானே.

வெட்டி முடித்து வண்டியை அவள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கரை அப்படியே இருக்கேம்மா," என்றாள் மகள், குரல் தாழ்ந்துபோய். "நீயே வெட்டணும்னுதானே பேச்சு."

"ஓட்டறதுதான் டிரைவர் வேலைன்னு யார்டி சொன்னா? எங்க நிறுத்தணும்னு தெரியணும். தெரிஞ்சுதா, இல்லியா?"

ஜனெல் போய் ஒரு குச்சியை அசைத்துப் பார்த்தாள். பிறகு, அடுத்த மாதமும் வந்து பார்ப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவித்த பீன்ஸைச் சூடு பண்ண உள்ளே போனாள். வாசலில் பலகை வரவில்லை.

வெல்டா நேராக என் பக்கம் வண்டியை விட்டார். வழக்கம் போல ஒரு அகலம் என் புல்லில் ஏறி வெட்டிக்கொண்டே வந்தார். அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. அது ஏன் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

என்னை விநோதமாகப் பார்த்தார். "நாங்க இங்க குடி வந்தப்ப உனக்கு முன்னால உன் வீட்ல இருந்த கிழவர் எங்களுக்கு இப்படித்தான் வெட்டுவார். ஒரு அகலம் தாண்டி வெட்டினா, நமக்குள்ள சண்டை இல்லன்னு அர்த்தம். ஆர்வல் அவருக்குத் திருப்பி வெட்டுவார். நீயும் வெட்டுவேன்னு பாத்தேன், பாத்தேன். நீ குச்சி அடிச்சே."

என் வண்டி டிராக்டர் மாதிரி, சரிவில் நிற்கும். குளக்கரையை இனி நான் பார்த்துக்கொள்ள வேண்டும், குறுக்கே ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், ஈரமாக இருந்தால் இறங்கவே கூடாது என்றார். சரி என்றேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச தூரம் போனவர் நின்றார். கத்தியை நிறுத்திவிட்டுத் தலையை மட்டும் திருப்பினார்.

"முடிச்சிட்டு வர்றப்ப கோட்டுல நின்னுடாதே, டாரல். என் பக்கம் ஒரு அகலம் ஏறி வெட்டிட்டுப் போ."