நாலாவது ஆள்

மூன்று பேராக ஒரு காரியத்துக்கு வெளிக்கிடக் கூடாது என்பார்கள் எங்கள் ஆட்கள். வேறு வழியில்லாமல் வெளிக்கிட்டால், ஒரு கல்லைக் கையோடு கொண்டுபோய் அதையே நாலாவது ஆளாக வைத்துக்கொள்ள வேண்டும். காரியம் முடிந்ததும் கல்லைத் தெருவோரம் எறிந்துவிடலாம். தெற்கு லண்டனில், மிச்சம் என்ற ஊர்ப் பக்கத்தில் இருந்த சந்திரவதனாவின் வீட்டில் மட்டும் அந்தக் கல்லை ஒருவரும் எறியவில்லை. ஒன்பது வருடமாக அது வாசல் அலமாரியின் மேல்தட்டில், காரைத் திறக்கிற திறப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

கல் வந்தது எண்பத்தேழாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். சந்திரவதனாவின் புருசன் யோகராஜாவுக்குப் பாஸ்கரன் என்று ஒரேயொரு தம்பி. ஊரிலிருந்து வந்து இவர்களுடைய சின்ன அறையில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு, ஏஜென்சிக்காரன் காட்டிய வழியால் கனடாவுக்கு வெளிக்கிட்டான். மெக்சிக்கோவில் இறங்கி, எல்லையைக் கால்நடையாகக் கடந்து அமெரிக்காவுக்குள் போய், பிறகு வடக்கே ஏறுவது. அவனை அனுப்ப நாலு பேராக ஹீத்ரோவுக்குப் போனார்கள். திரும்பும்போது மூன்று பேர். யோகராஜா காரில் ஏறாமல் நின்று, பூப்பாத்தி ஓரத்தில் மாங்காய் அளவு கருங்கல் ஒன்றைப் பொறுக்கிப் பின்சீற்றில் வைத்தார்.

"அப்பா, இது ஆர்?" என்று கேட்டாள் ஐந்து வயது மகள் தாட்சாயினி.

"சித்தப்பா," என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். பிள்ளை அதை நம்பி, கல்லுக்கு சீற் பெல்ற் போட்டுவிட்டாள். மூன்று பேரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்கள். 

அடுத்த கிழமை ரெலிபோன் அடித்தது. யோகராஜா வேலையில், எடுத்தது சந்திரவதனா.

"அண்ணி, நொகாலெஸ் எண்ட ஊரிலை நிக்கிறன். மணலும் முள்ளுந்தான். மன்னார்ப் பக்கம் மாதிரிக் கிடக்கு. நாளைக்கு நடக்கத் தொடங்கிறம், அண்ணைக்குச் சொல்லிவிடுங்கோ."

அதற்குப் பிறகு அவன் குரல் இல்லை. லைன் அறும்வரைக்கும் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

தை மாதம், அவனோடு நடந்த ஒருவர் ரொறன்ரோவிலிருந்து பேசினார். பாஸ்கரனுக்குக் காலில் முள் ஏறி, கால் வீங்கிவிட்டதாம். "நீங்கள் நடவுங்கோ, நான் பின்னாலை வாறன்" என்று ஒரு பாறை நிழலில் குந்திவிட்டானாம். கூட நடந்தவர்களிடமும் தண்ணீர் முடிந்துபோனதாம். ரோட்டுக்கு வந்து காத்திருந்து பார்த்தார்களாம்; அவன் வரவில்லையாம்.

கேட்டவர்களுக்கெல்லாம் விசயம் விளங்கிவிட்டது. யோகராஜாவுக்கு மட்டும் விளங்கவில்லை. "பின்னாலை வாறன் எண்டுதானே சொன்னவன்? வரமாட்டன் எண்டு சொல்லேல்லையே," என்பார். கோயில் ஐயர் ஒருநாள் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். உடம்பு கிடைக்காவிட்டால் என்ன, ஒரு கல்லை அந்தப் பிள்ளையாகப் பாவித்துப் பூசை செய்து, அந்தியேட்டி என்கிற முப்பத்தோராம் நாள் கிரியையை முடித்து, தண்ணீரில் விட்டுவிடலாம் என்றார். யோகராஜா அன்றோடு அந்தக் கோயிலுக்குப் போவதை விட்டார். "அது பயணக் கல்லு, ஐயா. செத்த வீட்டுக் கல்லில்லை," என்று சொல்லிவிட்டு வந்தாராம். எந்தக் கொண்டாட்டத்துக்கு எத்தனை பேர் வாறீர்கள் என்று கேட்டாலும் "நாலு பேர்" என்பார். ஹோலில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடக்கும். அதை எடுக்க வருகிறவர்களிடம் ஆள் இருக்கு என்று சொல்லிச் சொல்லிச் சந்திரவதனாவுக்கு வாய் புளித்துவிட்டது.

அவள் ஒன்றும் பயந்த சீவன் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அறுநூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிக்கிற கை. மேலதிகாரி வாய் காட்டினால் திருப்பிக் காட்டாமல் விடமாட்டாள். அப்படிப்பட்டவள் அந்தக் கல்லுக்குப் பயந்தாள். தூசி தட்டும்போது சிலவேளை அது சுடும். அலமாரிக்குக் கீழே ரேடியேற்றர் இருக்கிறது, சூடு அதனால்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கையை வெடுக்கென்று எடுத்துவிடுவாள். கோடையில் யாராவது நம்பர் மாறி ரெலிபோன் எடுத்துப் பேசாமல் நின்றால், ரிசீவரை வைக்காமல் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். காற்றுச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தாட்சாயினிக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடத்துப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து தகப்பன் முன்னால் விரித்தாள். கிராண்ட் கன்யன். சிவப்புப் பாறை, அடி தெரியாத பள்ளம்.

"எல்லாரும் ஹொலிடே போகினம், அப்பா. நாங்கள் எப்பவும் கிங்ஸ்பரியிலை இருக்கிற மாமா வீட்டைத்தான் போறம்."

யோகராஜா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "போவம்," என்றார். தாய்க்கும் மகளுக்கும் நம்ப முடியவில்லை. கிறிஸ்மஸ் விளக்குப் பார்க்கக்கூட அந்த மனிசனை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அதற்குப் பிறகு வீடே மாறிப்போனது. யோகராஜா ஊரில் நில அளவைக் கந்தோரில் படம் கீறியவர். லண்டனில் ஒரு சாமான் கிட்டங்கியில் பெட்டி அடுக்கினார். இப்போது அவருக்குப் பழைய கை திரும்பி வந்தது. முன்னறைக் கம்பளத்தில் அமெரிக்க மேப்பை விரித்து, முழங்காலில் நின்று பென்சிலால் கோடு கீறினார். லொஸ் ஏஞ்சல்ஸில் இறங்கிக் கார் எடுப்பது, லாஸ் வேகாஸில் ஒரு இரவு, பிறகு பள்ளத்தாக்கு, அதற்கும் அப்பால் சிவப்புப் பாறைகள். தாட்சாயினி பக்கத்தில் படுத்துக்கிடந்து எங்கே நீந்தலாம், எங்கே பீட்சா சாப்பிடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சந்திரவதனா தேத்தண்ணீரோடு வாசலில் நின்று பார்த்தாள். மனிசன் பழைய ஆளாகிவிட்டார் என்று நினைத்தாள். புதுச் சூட்கேஸ்கூட வாங்கிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடு தெற்கே திரும்பியது. டூசன் தாண்டி, அதற்கும் கீழே, மேப்பில் பேரே இல்லாத வெறும் மஞ்சளுக்குள் இறங்கியது.

"அங்கை என்ன இருக்கு, அப்பா?"

"கள்ளி," என்றார்.

சந்திரவதனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். கோடு போய் முட்டிய ஊரின் பெயர் நொகாலெஸ்; பாஸ்கரன் கடைசியாக ரெலிபோன் எடுத்த ஊர். அவள் குசினிக்குள் போய் நின்றாள்.

விமான ரிக்கெற் போடுகிறவர் தில்லையம்பலம், பக்கத்து ஊரான ரூட்டிங்கில் கடை வைத்திருந்தார். அந்தப் பக்கம் மரக்கறி வாங்கப் போன சந்திரவதனாவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நீராவது யோகருக்குச் சொல்லும். ஓகஸ்டிலை அந்தப் பக்கம் போனா மனிசர் கருகிப் போவினம். ஒக்ரோபர் லீவிலை போங்கோ எண்டு சொன்னன். இல்லையாம், ஓகஸ்டுதானாம். அந்த வெயில் எப்பிடியெண்டு பாக்கோணுமாம். மற்றது, உமக்கும் பிள்ளைக்கும் ரெண்டு கிழமையிலை திரும்பி வாற மாதிரி ரிக்கெற். தனக்கு மட்டும் திரும்பிற நாள் போடவேண்டாமெண்டிட்டார். அங்கை ஏதும் அலுவலோ?"

 சந்திரவதனா ஒன்றும் வாங்காமல் பஸ் ஏறினாள்.

அன்று பின்னேரம் குசினியில் வைத்துக் கேட்டாள். "எங்களை அனுப்பிப்போட்டு நீங்கள் என்ன செய்யப் போறியள்?"

யோகராஜா பொய் சொல்லத் தெரியாத மனிசன். கழுவிய கோப்பையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "அவன் இருந்த பாறை எதெண்டு பாக்கோணும். நீங்கள் ரெண்டுபேரும் போங்கோ. நான் பின்னாலை வாறன்," என்றார்.

தான் சொன்னது யாருடைய சொல் என்று அவருக்கே தெரியவில்லை. சந்திரவதனாவுக்குத் தெரிந்தது. தம்பியைத் தின்ற மணலுக்குத் தமையனும் தன் காலால் நடந்து போகப்போகிறார். அழுது நிற்பாட்டலாமா? முடியாது. அழுகைக்கு மசிகிற ஆளில்லை. தாட்சாயினியிடம் சொல்லலாமா? அந்தக் குழந்தை தலையில் இதைக் கட்டுவதா? இரண்டு நாள் வேலையில் உருளைக்கிழங்கைச் சீவிச் சீவி யோசித்தாள். கடைசியில் யோசனை கல்லில் வந்து நின்றது. உலகத்தில் கல்லுக்கா பஞ்சம், ஆனால் அவருக்கு அந்தக் கல்தான் வேண்டும். அது இல்லாமல் குடும்பமாகச் சந்திக் கடைக்குக்கூட வரமாட்டார். கல் இல்லையென்றால் பயணமும் இல்லை.

சனிக்கிழமை அவர் வேலைக்கும் பிள்ளை தமிழ் வகுப்புக்கும் போன பிறகு, கல்லைக் கடைப் பையில் போட்டுக்கொண்டு மிச்சம் கொமன் என்ற பொதுப் புல்வெளிக்கு நடந்தாள். எதிரே வந்தவர்களுக்கு அவள் ஏதோ இறைச்சி வாங்கிக்கொண்டு போவதுபோலத்தான் இருந்திருக்கும். குளக்கரையில் வாத்துகள் பாண் துண்டு போடுவாள் என்று நினைத்து ஓடி வந்தன. எறியக் கை ஓங்கினாள், மனம் கேட்கவில்லை. ஒன்பது வருடம் வீட்டில் இருந்த பிள்ளை. சப்பாத்தோடு தண்ணீரில் இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் விட்டாள்.

"தம்பி, எனக்கு அவர் வேணும். நீர் போயிடும்," என்றாள்.

கல் சத்தமில்லாமல் இறங்கியது. பின்னால் யாரோ நிற்கிறமாதிரி இருந்தது. பயத்தில் திரும்பிப் பாராமல் விறுவிறென்று நடந்தாள்.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் தலையில் இடி இறங்கியது. அவளைப் பெற்ற ஐயா செத்த முப்பத்தோராம் நாள், ஊரில் கீரிமலைக் கடற்கரையில் அவளுடைய அண்ணை செய்தது இதைத்தான். ஐயாவாக வைத்துப் பூசித்த கல்லைக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் வந்து தலை முழுகினார். பயணத்தை நிற்பாட்டப் போனவள் பாஸ்கரனுக்கு அந்தியேட்டி செய்துவிட்டு வந்திருந்தாள். ஈரச் சப்பாத்தோடு பஸ் தரிப்பில் குந்தி, தலையைக் குனிந்துகொண்டு அழுதாள்.

பின்னேரம் யோகராஜா வந்து திறப்பை வைக்க அலமாரிக்குக் கையை நீட்டினார்.

"கல்லெங்கை?"

பிள்ளை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள் என்று சொல்வதற்கு ஒரு பொய்யை ஆயத்தமாக வைத்திருந்தாள். வாய் வரவில்லை.

"போட்டிட்டன்."

"எங்கை?"

"கொமன் குளத்துக்கை."

கத்துவார் என்று காத்துக்கொண்டு நின்றாள். கத்தியிருந்தால் நல்லது. அவர் சத்தம் உயராமல் கேட்டார்.

"ஏதும் சொன்னனீரோ?"

"நீர் போயிடும் தம்பி எண்டு சொன்னன்."

"திரும்பிப் பாத்தனீரோ?"

"இல்லை."

யோகராஜா படியில் குந்தினார். ஒரு சப்பாத்தைக் கழற்றினார். மற்றதைக் கழற்றாமல் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி மேலே போனார். குளியலறைக் கதவு சாத்தப்பட்டது; தண்ணீர் திறபட்டது.

தாட்சாயினி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, அப்பா ஏன் இந்த நேரம் குளிக்கிறார்?"

"தலை முழுகிறார், பிள்ளை," என்றாள் சந்திரவதனா. தண்ணீர்ச் சத்தத்துக்குள் அந்த மனிசன் அழுவது கீழே வரைக்கும் கேட்டது. பாஸ்கரன் போன நாளிலிருந்து அவர் அழுது அவள் கேட்டதில்லை. படியடியிலேயே நின்றாள், மேலே போகவில்லை.

இறங்கி வந்தபோது தலையைத் துவட்டக்கூட இல்லை. சேட்டெல்லாம் ஈரம். நேரே ரெலிபோனடிக்குப் போய் நம்பரைச் சுற்றினார்.

"தில்லை அண்ணையோ? அந்த அமெரிக்கப் பயணத்தை ஒக்ரோபருக்கு மாத்துங்கோ. ஓம். பள்ளத்தாக்கு மட்டும் போதும், தெற்கை போகேல்லை. எல்லாரும் ஒரே நாளிலை திரும்பிற மாதிரிப் போடுங்கோ."

அங்கிருந்து தில்லையம்பலம் ஏதோ கேட்டார். காருக்கு எத்தனை பேர் என்றுதான் கேட்டிருப்பார்.  யோகராஜா அலமாரித் தட்டைப் பார்த்தார். பிறகு சந்திரவதனாவையும், பிள்ளையையும் பார்த்தார்.

"மூண்டு பேர்," என்றார்.